வில்லும் விசுவாசமும்

புதிய ஏற்பாடு எழுதப்பெற்ற கிரேக்க மொழியில் பாவத்தைக் குறிக்கும் சொல் 'ஹமார்த்தியா' என்பதாகும். குறி தவறுதல் என்னும் பொருளுடைய வினையின் வழிவந்த சொல் அது. ஹோமரின் காவியத்தில் வீரன் எறிந்த ஈட்டி இலக்கைத் தப்பும்போதும் அவ்வினையே ஆளப்பெறுகிறது. தமிழருக்கும் இவ்வுறவு புதிதன்று. யானைமீது எறிந்து குறி தப்பிய வேலைக் கூறவந்த வள்ளுவர் 'பிழைத்தல்' என்னும் வினையை ஆள்கிறார். குற்றத்தையும் நாம் பிழை என்றே வழங்குகிறோம். வில் பழகி, பின்னர்த் திருமறை போதித்த ஒருவரின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

இங்கிலாந்தின் நெடுவில் 1346-இல் கிரெசியிலும் 1415-இல் அஜின்கோர்ட்டிலும் பிரெஞ்சுப் படைகளை வீழ்த்திப் புகழ்பெற்றது. யூ மரத்தாலான அவ்வில்லை வளைப்பது எளிதன்று. ஆதலின், ஆடவர் திருநாள்களில் வீண் விளையாட்டுகளை விடுத்து வில் பழகவேண்டும் என்று 1363-இல் மூன்றாம் எட்வர்டு மன்னர் ஆணையிட்டார். 1541-ஆம் ஆண்டின் சட்டமோ, 24 வயதைக் கடந்தவர் 220 கெஜத்துக்கு உட்பட்ட குறியை இலேசான அம்புகளால் எய்தலாகாது என்றது. முதிர்ந்தவன் எளிய குறியை நாடலாகாது என்பதே அதன் கருத்துப் போலும்!

அந்நாட்டில் லெஸ்டர்ஷயரைச் சேர்ந்த தர்காஸ்டன் என்னும் சிற்றூரில் உழவர் மகனாகப் பிறந்தவர் ஹியூ லாட்டிமர். கேம்பிரிட்ஜில் பயின்று, 1535-இல் வூஸ்டர் நகரின் ஆயரானார். 1549-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், பதினொரு வயதினரான ஆறாம் எட்வர்டு மன்னர் முன்னிலையில் ஆற்றிய அருளுரையில் அவர் தம் தந்தையை நினைவுகூர்ந்தார். கைவலிமையால் மட்டும் இழுக்காது, உடலை வில்லுக்குள் செலுத்தி, முழு உடலின் வலிமையாலும் இழுக்கவேண்டும் என்று தந்தை கற்பித்தாராம். வயதுக்கும் வலிமைக்கும் ஏற்ப வில் வாங்கித் தந்தாராம். மகன் வளர வளர வில்லும் பெரிதாயிற்று. இளமையில் பழகாதவன் நன்றாக எய்யமாட்டான் என்பது லாட்டிமரின் முடிவு.

ரோஜர் ஆஸ்காம் 1545-இல் வெளியிட்ட 'டாக்ஸோஃபிலஸ்' என்னும் நூலும் இதனையே வலியுறுத்துகிறது. நிற்றல், நாணில் அம்பு பூட்டல், இழுத்தல், நிறுத்தல், விடுத்தல் என ஐந்து நிலைகளை வகுத்த அவர், கண் எப்போதும் குறியின்மேல் இருப்பதே நேராக எய்யும் வழி என்றார். அதே ஆண்டில் மூழ்கிய 'மேரி ரோஸ்' என்னும் போர்க்கப்பல் 1982-இல் வெளிக்கொணரப்பட்டது. அக்கப்பலில் நூற்றுக்கு மேற்பட்ட நெடுவிற்கள் கிடைத்தன. மாண்ட மாலுமிகள் சிலரின் தோளெலும்பில் காணப்பட்ட மாறுதல், சிறுவயது முதல் வில் வளைத்ததன் விளைவாகலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். பயிற்சி எலும்புவரை இறங்கியிருந்தது!

விசுவாசமும் இத்தகையதே. ஆலயத்தில் ஒரு நாழிகை கண்மூடி இருப்பது கையால் மட்டும் வில் இழுப்பதை ஒக்கும். உழைப்பு, உறவு, பொருள், நாவு ஆகிய அனைத்தும் அந்த ஒரே குறிக்கு உடன்பட்டு வளையவேண்டும்.

ஆயினும், குறியில் கருத்தூன்றியவன் பிழையே செய்யான் எனக் கருதலாகாது. 1538-இல் ஜான் ஃபாரஸ்ட் என்னும் கத்தோலிக்கத் துறவி லண்டனில் எரிக்கப்பட்டபோது, அவ்விடத்தில் நின்று அருளுரை ஆற்றியவர் இந்த லாட்டிமரே. அவருடைய ஊக்கத்தில் குறையில்லை. அன்பு என்னும் குறியோ அன்று தப்பிற்று. 1553-இல் மேரி அரசியார் ஆட்சிக்கு வந்தபின் அவர் சிறைப்பட்டார். 1555 அக்டோபர் 16-ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டில் நிக்கலஸ் ரிட்லியுடன் அவரும் தீக்கிரையானார். பிறர்க்கு நேர்ந்தது தமக்கும் நேர்ந்தபோது, முதுமையிலும் தம் கொள்கையினின்று அவர் பிறழவில்லை.

ஒருமுகப்பட்ட உள்ளம் பெரிய பேறு. ஆனால் அது எதனை நோக்குகிறது என்று நாள்தோறும் ஆராய்தல் அதனினும் பெரிய கடன். விடுத்த அம்பு மீள்வதில்லை. எய்தவன் தன் பிழையை உணர்ந்து மீளலாம். பாவத்தைக் 'குறி தவறுதல்' என்று வழங்கிய சொல்லுக்குள் இந்த நம்பிக்கையும் அடங்கியிருக்கிறது.