நரம்பு முனையின் சிக்கனம்

நாம் ஒரு சொல்லை எண்ணி நாவால் உரைப்பதற்குள் எண்ணிறந்த நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்கின்றன. அச்செய்தி நரம்பிழையின் வழியே மின்துடிப்பாக ஓடுகின்றது. இழையின் முனையில் ஒரு நுண்ணிய இடைவெளி குறுக்கிடுகின்றது. அவ்விடைவெளியைப் பெரும்பாலும் தாண்டிச் செல்வது மின்சாரமன்று, வேதிப்பொருளே. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஆட்டோ லோவி என்னும் அறிஞர் 1921-ஆம் ஆண்டில் இதனை மெய்ப்பித்தார். தவளை இதயம் ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தளரச் செய்தார். அவ்விதயத்தில் இருந்த நீர்மத்தை மற்றோர் இதயத்திற்கு மாற்றவே, அதுவும் தளர்ந்தது.

அவ்வேதிப்பொருள் எவ்வாறு வெளிப்படுகின்றது? இலண்டனில் பெர்னார்ட் காட்ஸும் அவர்தம் துணைவரும் 1950-களில் இவ்வினாவை ஆராய்ந்தனர். அது நீரொழுக்குப்போல் வழிவதில்லை. சிப்பம் சிப்பமாகவே வெளிப்படுகின்றது என்று கண்டனர். அக்காலத்திலேயே எலெக்ட்ரான் நுண்ணோக்கி, நரம்பு முனையில் திரண்டு கிடக்கும் உருண்டையான நுண்பைகளைக் காட்டிற்று. ஒரு நுண்பையின் விட்டம் ஏறத்தாழ 40 முதல் 50 நானோமீட்டர். அஃதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 20,000-இல் ஒரு பங்கு. ஒரு நுண்பையே ஒரு சிப்பம் எனக் காட்ஸ் துணிந்தார். நுண்பை முனையின் வெளிச்சவ்வோடு இணைந்து, தன்னுள் இருப்பதை வெளியே கொட்டுகின்றது என்பது அவர் கொள்கை. 1970-ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பெற்ற மூவருள் அவரும் ஒருவர்.

இங்கே ஒரு சிக்கல் தோன்றிற்று. கொட்டிய நுண்பையின் கதி யாது? அதன் சவ்வு வெளிச்சவ்வோடு கலந்துவிடுமாயின், நுண்பைகள் குறைந்துகொண்டே போகும். முனையோ ஊதிப் பெருக்கும். முனைக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவை நரம்பணுவின் உடற்பகுதியில் உருவாகின்றன. முதுகுத் தண்டிலிருந்து பாதம் வரையுள்ள தொலைவு ஏறத்தாழ ஒரு மீட்டர். நரம்பிழையினுள் மிக விரைந்து செல்லும் சரக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 400 மில்லிமீட்டரே நகரும். நொடிக்குப் பன்முறை செய்தி விடுக்கும் முனை, புதிய சரக்கிற்காக இரண்டு நாளுக்கு மேல் காத்திருத்தல் கூடுமோ?

கூடாது என்பதை 1973-ஆம் ஆண்டின் ஆய்வுகள் விளக்கின. அமெரிக்காவில் ஜான் ஹியூசர், டாம் ரீஸ் ஆகிய இருவரும் தவளையின் தசை நரம்பை நொடிக்குப் பத்து முறை தூண்டினர். ஒரு நிமிடத்தில் நுண்பைச் சவ்வில் 30 விழுக்காடு குறைந்தது. அதற்கு ஏறத்தாழ ஈடாக வெளிச்சவ்வு பெருகிற்று. பதினைந்து நிமிடத்தில் குறைவு 60 விழுக்காடாயிற்று. முனையினுள்ளே ஒழுங்கற்ற அறைகள் பல தோன்றின. ஓய்வு கொடுத்ததும் அவ்வறைகள் மறைந்து நுண்பைகள் மீண்டன. சவ்வு அழியவில்லை, இடம் மாறிச் சுழன்று வந்தது என்பதே இதன் பொருள். வெளியே இட்டுவைத்த அடையாளப் பொருள் பின்னர் நுண்பைகளுள் காணப்பட்டமை அதற்குச் சான்றாயிற்று.

அதே ஆண்டில் புருனோ செக்கரெல்லியும் துணைவரும், தவளையின் தசை நரம்பை நொடிக்கு இரண்டு முறை மட்டும் தூண்டிப் பார்த்து வேறொரு முடிவுரைத்தனர். நுண்பை முற்றும் கலப்பதில்லை. வாயைத் திறந்து கொட்டிவிட்டு, அவ்விடத்திலேயே மூடிக்கொண்டு விலகுகின்றது என்றனர். கலந்து மீள்வதா, தொட்டு விலகுவதா என்னும் வழக்கு பல்லாண்டுகள் நீடித்தது.

இதற்கிடையில் சவ்வை மீட்கும் கருவிகள் ஒவ்வொன்றாகப் புலப்பட்டன. 1976-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் பார்பரா பியர்ஸ், நுண்பையைச் சுற்றிக் கூடை முடைந்தாற்போல் அமையும் புரதத்திற்குக் கிளாத்ரின் எனப் பெயரிட்டார். 'ஷிபிரே' என்னும் பழ ஈ வகை மற்றொரு விளக்கம் தந்தது. அச்சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் மரத்துப்போதல் என்பது பொருள். வெப்பம் ஏறத்தாழ 29 பாகையை எட்டினால் அவ்வீக்கள் செயலற்று விழும், குளிர்ந்தால் எழும். அவ்வாறு விழுந்த ஈக்களின் நரம்பு முனைகளில் நுண்பைகள் தீர்ந்து போயிருந்ததைக் கோசாகா, இக்கேடா என்போர் 1983-இல் காட்டினர். சவ்வின் கழுத்தை அறுத்து நுண்பையைப் பிரிக்கும் டைனமின் என்னும் புரதமே அவ்வீக்களிடம் பழுதுற்றது என்பது 1991-இல் தெளிவாயிற்று. மீட்பு நின்றால் இயக்கமும் நின்றுவிடும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

2013-ஆம் ஆண்டில் வட்டானபே, ஜோர்ஜென்சன் முதலானோர், நரம்பணுக்களை ஒளியால் தூண்டி, நொடியின் சிறு கூறுகளுக்குள் உறையவைத்து நோக்கினர். எலியின் நரம்பணுக்களில் சவ்வு 50 முதல் 100 மில்லிநொடிக்குள் உள்வாங்கப்பட்டது. இம்மூன்றாம் வழி உடல்வெப்பத்தில் நிகழ்வது. அறைவெப்பத்தில் இது தடைப்பட, கிளாத்ரின் வழியே மீட்பு நடந்தது என மறு ஆண்டில் அவர்களே காட்டினர்.

ஆய்வின் நிலைமை மாறினால் விடையும் மாறும் என்பது இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும். தூண்டலின் விரைவையும் சூழலின் வெப்பத்தையும் கருதாமல், ஒருவர் கண்டதைக் கொண்டு மற்றவர் கண்டதைப் பொய்யென்றல் அறிவுடைமையாகாது. மாணவர்க்கு அறிவியலைக் கற்பிக்கும்போது, முடிவோடு அது பெறப்பட்ட முறையையும் சேர்த்தே கூறுதல் வேண்டும். சிறிய நரம்பு முனையோ, உள்ளதையே மீண்டும் மீண்டும் எடுத்தாண்டு, நம் எண்ணத்தையும் இயக்கத்தையும் இடையறாது காத்து வருகின்றது.