கன்னிவாடி, விக்கி, கொஞ்சம் காப்பி பேஸ்ட்

எங்க ஊர் கன்னிவாடி. திண்டுக்கல் மாவட்டம், பழனி மலை அடிவாரம். (திருப்பூர் மாவட்டத்திலும் ஒரு கன்னிவாடி உண்டு. அது நாங்க இல்லீங்க!) ஊரைப் பற்றி தமிழ் விக்கிப்பீடியாவில் தேடப் போய், எங்கெங்கோ சுத்தி, கடைசியில் இந்தப் பதிவில் வந்து நிக்குது.

விக்கி 1995 மார்ச் 25-ல் பிறந்தது. வார்டு கன்னிங்காம் என்ற நிரலாளர் சக நிரலாளர்களுக்காகச் செய்தது. 'விக்கி' என்றால் ஹவாய் மொழியில் விரைவு. ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடின பஸ்சின் பெயர். அதை வகுப்பறைக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் அட்லாண்டாவில், ஜார்ஜியா டெக்கில் இருந்த மார்க் குஸ்டியால். 1990களின் கடைசியில் 'கோவெப்' என்று ஒரு விக்கி செய்து பல துறைகளுக்குக் கொடுத்தார். கட்டிடக்கலை மாணவர்கள் தங்கள் வரைபடங்களை ஏற்றி விமர்சனம் வாங்கினார்கள். ஆங்கில வகுப்பிலும் நன்றாக ஓடியது. படுத்தது எங்கே தெரியுமா? நம்ம ஆளுங்ககிட்டதான்: இன்ஜினியரிங், கணக்கு! 2002-ல் குஸ்டியால் குழு அதை ஒளிக்காமல் கட்டுரையாகவே எழுதியது. ஒரே விடை உள்ள கணக்கு, மார்க்குக்குப் போட்டி. இதில் பக்கத்து சீட்டுக்காரனுக்கு எவன் உதவுவான்?

படிச்சப்ப சிரிப்பு வந்தது. எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் நாலு பேர் பெயர், வேலை செய்தது ஒருத்தன். (நான் அந்த ஒருத்தன் இல்லை.) விக்கியாக இருந்திருந்தால் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்ததுமே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

இந்தியாவில் 2011-ல் புனேயில் விக்கிமீடியா அறக்கட்டளை பெரிதாக முயன்றது. புனே பொறியியல் கல்லூரி, சிம்பயாசிஸ் பொருளாதாரக் கல்லூரி மாணவர்களெல்லாம் பாடத்தின் பகுதியாக ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதினார்கள். புத்தகத்திலிருந்தும் இணையத்திலிருந்தும் அப்படியே எடுத்துப் போட்டவை ஏராளம். அதைத் துடைத்தே அங்கிருந்த தன்னார்வலர்கள் களைத்துப் போனார்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே நிறுத்தியாச்சு. பசங்களை மட்டும் திட்ட எனக்கு மனசில்லை. புத்தகத்தில் உள்ளதை வரி மாறாமல் பரீட்சையில் எழுதினால்தானே நமக்கு மார்க்கு? பதினைந்து வருஷம் அப்படிப் பழக்கிவிட்டு, ஒரு செமஸ்டரில் 'சொந்தமா எழுது' என்றால்?

அதற்கு முந்தின வருஷம், 2010-ல், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டி வைத்தது. இது பாடம் இல்லை, பரிசுதான். ஆனாலும் இங்கிலீஷில் படித்த பாடத்தைத் தமிழில் எழுத உட்காரும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் யோசிக்கணும். காப்பி அடிக்கவும் வழி குறைவு. அங்கேதான் படிப்பு நடக்குதுன்னு எனக்குத் தோணுது. தமிழ் விக்கிப்பீடியாவை 2003-ல் தொடங்கி வளர்த்த முன்னோடி இ. மயூரநாதனும் கட்டிடக்கலைஞர்தான். குஸ்டியால் கேட்டால் சந்தோஷப்படுவார் :-)

கன்னிவாடி ஒரு காலத்தில் பாளையம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அதைப் பற்றி நாலு வரி எழுதணும். தாத்தா சொன்னார்னு போட்டால் 'ஆதாரம் எங்கே'ன்னு கேட்பாங்க. திண்டுக்கல் நூலகத்தில் தேடிப் பார்க்கணும். திருப்பூர் கன்னிவாடிக்காரங்க, உங்க பக்கத்தை நீங்க பாத்துக்கோங்க.