பெயர் மறைந்த பின்னும் நிலைத்த கைத்திறன்: கிளாஸ்ஹூட்டெ ஊரும் லாங்கெ கடிகாரங்களும்

முன்னுரை

உயர்விலைக் கைக்கடிகாரம் என்றதும் பலருக்கும் சுவிட்சர்லாந்துதான் நினைவுக்கு வரும். அதற்கு இணையாக மதிக்கப்படும் மற்றொரு மரபு, ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், டிரெஸ்டனுக்குத் தெற்கே கிளாஸ்ஹூட்டெ என்னும் சிற்றூரில் வளர்ந்தது. அவ்வூரின் ‘ஏ. லாங்கெ உண்ட் சோனெ’ நிறுவனம் 1948இல் அரசுடைமையாகி, சில ஆண்டுகளில் பெயரையும் இழந்தது. 1990இல் மறுபடி தொடங்கப்பட்டு, நான்கே ஆண்டுகளில் முதல்தரக் கடிகாரங்களை வெளியிட்டது. இது எப்படி இயன்றது? 1845 முதல் ஊரில் வேரூன்றியிருந்த பயிற்சி மரபே அதற்கு முதற்காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

அடித்தளம்: 1845–1878

எர்ட்ஸ்கெபிர்கெ மலைப்பகுதியில் சுரங்கத் தொழில் நலிந்ததால் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கிளாஸ்ஹூட்டெ வறுமையில் வாடியது. 1815இல் டிரெஸ்டனில் பிறந்த ஃபெர்டினாண்ட் அடோல்ஃப் லாங்கெ, அரசவைக் கடிகாரக் கலைஞர் குட்கேஸிடம் தொழில் கற்று, பாரிஸில் வின்னெர்லின் பட்டறையில் பணியாற்றித் திரும்பியவர். மலையூரில் கடிகாரத் தொழிலை நிறுவும் திட்டத்தைச் சாக்சனி அரசின் முன் வைத்துக் கடனுதவி பெற்றார். 1845 டிசம்பர் 7 அன்று அவருடைய பட்டறை பிறந்தது. உள்ளூரில் வைக்கோல் பின்னிப் பிழைத்தவர்கள் உட்பட 15 இளைஞர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை அவர் ஏற்றிருந்தார்.

லாங்கெ வேலையைப் பிரித்துக் கொடுத்தார்; ஒவ்வொருவரும் ஓர் உறுப்பில் தேர்ந்தனர். பயிற்சி முடித்தவர்கள் தனிப் பட்டறை வைப்பதைத் தடுக்காமல் ஊக்குவித்தார். பழைய பாரிஸ் அளவை விட்டு மெட்ரிக் அளவைக் கைக்கொண்டார். இதனால் தொழிலறிவு ஒரு குடும்பத்துக்குள் முடங்காமல் ஊர்ச்சொத்தானது. 18 ஆண்டுகள் ஊரின் மேயராகவும் இருந்த அவர் 1875இல் மறைந்தார். 1878இல் மோரிட்ஸ் கிராஸ்மன் கிளாஸ்ஹூட்டெயில் கடிகாரப் பள்ளியைத் தொடங்கியதும், பயிற்சி முறையான கல்வியாக நிலைபெற்றது.

முக்கால் தகடும் இருமுறைப் பூட்டலும்

கிளாஸ்ஹூட்டெ கடிகாரத்தின் அடையாளம், 1864இல் லாங்கெ முழு வடிவம் கொடுத்த முக்கால் தகடு. அதற்கு முன் பற்சக்கரங்களின் அச்சுகளைத் தனித்தனிப் பாலங்கள் தாங்கின. லாங்கெ அவற்றை ஒரே தகட்டின் கீழ்க் கொண்டுவந்தார். அச்சுகளுக்கிடையே உள்ள தொலைவு மாறாததால் இயக்கம் உறுதிப்பட்டது. இருபுறமும் ஊசலாடி நேரத்தை ஒழுங்குபடுத்தும் சமன்சக்கரம் மட்டும் தகட்டுக்கு வெளியே தனிப் பாலத்தில் நின்றது; எனவே தகட்டைக் கழற்றாமலே அதைத் திருத்த முடிந்தது.

ஆனால் தகட்டை மூடும்போது எல்லா அச்சுமுனைகளும் ஒரே நேரத்தில் தத்தம் மாணிக்கக் குழிகளில் அமர வேண்டும். அவசரக் கைக்கு இது வசப்படாது. மேலும், இன்றைய லாங்கெ தகடுகள் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த ‘ஜெர்மன் வெள்ளி’யால் ஆனவை; மேற்பூச்சு இல்லாததால் விரல் பட்டாலே தடம் விழும். ஆகவே கடிகாரத்தை ஒருமுறை பூட்டி, ஓடவிட்டுச் சரிபார்த்து, முற்றும் கழற்றித் துப்புரவு செய்து, மெருகேற்றிய பின் மறுபடி பூட்டுகிறார்கள். சமன்சக்கரப் பாலத்தில் பூவேலையைக் கையாலேயே செதுக்குகிறார்கள். செதுக்கியவர் யார் என்பதைக் கோடுகளின் போக்கே காட்டிவிடும்.

முறிவும் மீட்சியும்

1945 மே 8 அன்று, ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போரின் இறுதி நாளில், லாங்கெயின் முதன்மைக் கட்டடம் குண்டுவீச்சில் அழிந்தது. போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியில் அடங்கிய இவ்வூரின் கடிகார நிறுவனங்கள் 1951இல் ஒரே அரசு ஆலையாக இணைக்கப்பட்டன. நிறுவனரின் கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கெ அதற்கு முன்பே மேற்கு ஜெர்மனிக்குச் சென்றுவிட்டார். அரசு ஆலை ‘ஸ்பெசிமாட்டிக்’ போன்ற கடிகாரங்களைப் பொதுமக்களுக்காகப் பெருமளவில் செய்தது. அவை ஆடம்பரப் பொருள்கள் அல்ல; ஆனாலும் கடிகாரம் செய்யத் தெரிந்த கைகளை அந்த ஆலை ஊரிலேயே வைத்திருந்தது.

ஜெர்மனி ஒன்றிணைந்தபின், 1990 டிசம்பர் 7 அன்று, முதற்பட்டறை பிறந்து சரியாக 145 ஆண்டுகள் கழித்து, வால்டர் லாங்கெ புதிய நிறுவனத்தைப் பதிவு செய்தார். அவரோடு நின்றவர் குந்தர் புளூம்லைன். சுவிட்சர்லாந்தின் ஐ.டபிள்யூ.சி., ஜெகர்-லெகூல்த்ர் நிறுவனங்களை வழிநடத்திய அவருடைய அனுபவமும், அவர் கொண்டுவந்த முதலீடும் இன்றி மீட்சி நடந்திராது.

1994 அக்டோபர் 24 அன்று டிரெஸ்டன் அரண்மனையில் நான்கு கடிகாரங்கள் அறிமுகமாயின. அவற்றுள் ‘லாங்கெ 1’ இரு சாளரங்களில் பெரிய தேதி காட்டுவது. குட்கேஸ் 1841இல் டிரெஸ்டன் இசைநாடக அரங்குக்குச் செய்த, எண்களால் நேரம் காட்டும் கடிகாரமே அதற்கு முன்மாதிரி. மற்றொன்றான ‘டூர்பியான் பூர் ல மெரித்’, சுருள்வில்லின் விசை குறையும்போதும் இயக்கம் தளராதபடி, 600க்கும் மேற்பட்ட நுண்ணுறுப்புகளாலான சங்கிலியைக் கொண்டது.

முடிவுரை

வணிகப் பெயரைச் சட்டப்படி மீட்கலாம். கைத்திறனை அப்படி மீட்க முடியாது. கிளாஸ்ஹூட்டெயில் பெயர் மறைந்தபோதும் பயிற்சி அறுபடவில்லை. வெளியிலிருந்து வந்த முதலீடும் நுட்ப உதவியும் பயன் தந்தது, அவற்றைப் பற்றிக்கொள்ளத் தேர்ந்த கைகள் ஊரில் இருந்ததால்தான். தம் மாணவர்களைத் தனித்தொழில் முனைவோராக்கிய நிறுவனரின் முடிவு, நூற்றாண்டுக்குப் பின் அவருடைய நிறுவனத்தையே காத்தது. எனவே மரபுத் தொழிலைப் பேண விரும்பும் எந்தச் சமூகமும் முதலில் காக்க வேண்டியது அதன் பயிற்சிக் கூடத்தை.