தெரியும் நிறமும் விளையும் நிறமும்

பவளம் என்றதும் தமிழர் மனத்தில் தோன்றுவது ஒரே நிறம்தான். பவளவாய் என்றாலும் பவளமல்லிக் காம்பு என்றாலும் சிவப்பு. நவமணிகளுள் ஒன்றான அந்தப் பவளம் மத்தியதரைக் கடலின் இருண்ட குகைகளிலும் ஆழத்திலும் வளர்வது. முசிறியில் வந்திறங்கிய சரக்குகளுள் பவளமும் உண்டு என்று ‘பெரிப்ளூஸ்’ என்ற பழைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு சொல்கிறது. அதன் சிவப்பு கூட்டிலேயே ஊறியது. உயிர் போனாலும் நிறம் போகாது என்பதால்தான் அதை மாலையாகக் கோக்க முடிகிறது. பவளப்பாறையைக் கட்டும் உயிர்களின் சங்கதி வேறு. அவற்றின் கூடு வெள்ளைச் சுண்ணாம்பு. நிறமெல்லாம் அதன்மேல் போர்த்திய மெல்லிய சதையில் இருக்கிறது. சதை செத்தால் நிறமும் போயிற்று.

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்போர் இந்தச் சதையின் நிறத்துக்காகத்தான் பணத்தையும் தூக்கத்தையும் செலவிடுகிறார்கள். கடையில் நீல எல்இடி விளக்கின் கீழ் பச்சையும் ஆரஞ்சுமாகத் தணல்போல எரிந்த பவளத் துண்டு, வீட்டின் வெள்ளை வெளிச்சத்துக்கு வந்ததும் பழுப்பாக நிற்கும். நீல விளக்கு வெறும் மேடை அலங்காரம் என்பார் ஒரு சாரார். நீலம் இல்லாமல் நிறமே பிறக்காது என்பார் மறுசாரார். இருவரும் இரண்டு வேறு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். பவளத்தில் ஏற்கெனவே இருக்கும் நிறமி கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பது ஒரு கேள்வி. அந்த நிறமியை உயிர் ஏன், எவ்வளவு உண்டாக்குகிறது என்பது இன்னொன்று. தெரியும் நிறம், விளையும் நிறம் என்று இவற்றைப் பிரித்துக்கொண்டால் எல்இடி பற்றிய குழப்பத்தில் பாதி தீரும்.

நிறத்துக்குப் பொறுப்பானவை மூன்று. முதலாவது, சதைக்குள் குடியிருந்து உணவு ஆக்கித் தரும் சூசாந்தெல்லே என்ற ஒருசெல் பாசி. பச்சையமும் பெரிடினின் என்ற நிறமியும் சேர்ந்த அதன் நிறம் பழுப்பு. இயற்கையான பவளப்பாறையில் முக்குளிப்பவர் மிகுதியாகக் காண்பதும் இதைத்தான். வண்ணப்படங்களை நம்பிப் போனவருக்குச் சற்று ஏமாற்றம்தான். மற்ற இரண்டும் பவளம் தானே செய்துகொள்ளும் புரதங்கள். உடனொளிர் புரதம் ஒரு நிற ஒளியை வாங்கி வேறொரு நிறமாகத் திருப்பித் தரும். நீலத்தை வாங்கிப் பச்சையைத் தருவது போல. நிறப்புரதம் எதையும் திருப்பித் தராது. மஞ்சள், ஆரஞ்சுப் பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தை விட்டுவிடும். அதனால் ஊதாவாகவோ நீலமாகவோ தோன்றும்.

இவ்விரண்டும் ஒரே குடும்பம். அதில் முதலில் அறியப்பட்டது, 1962-இல் ஒசாமு ஷிமோமுரா ஒரு ஜெல்லிமீனிலிருந்து பிரித்தெடுத்த பச்சைப் புரதம். அதற்காக அவரும் மார்ட்டின் சால்ஃபியும் ரோஜர் சியெனும் 2008-இல் வேதியியல் நோபல் பெற்றனர். பவளங்களிலும் அவற்றின் உறவினங்களிலும் இதே குடும்பப் புரதங்கள் உண்டு என்று ரஷ்ய ஆய்வாளர்கள் 1999-இல் காட்டினார்கள். அந்தக் கண்டுபிடிப்புக்கு உதவியவை மாஸ்கோவில் ஒரு தொட்டியில் வளர்ந்த உயிர்கள் என்பது தொட்டி வளர்ப்போர் மார்தட்டிக்கொள்ள வேண்டிய செய்தி. தொட்டியின் மேலே தொங்கும் விளக்குக்கும் நோபல் உண்டு: பிரகாசமான நீல எல்இடியை ஆக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014-இல் இயற்பியல் பரிசு பெற்றார்கள்.

முதல் கேள்விக்கு வருவோம். தொட்டி விளக்குகளின் ஆழ்நீல எல்இடி ஏறக்குறைய 450 நானோமீட்டரில் ஒளிர்கிறது. பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் மிகக் கூர்மையாக உணர்வது 555 நானோமீட்டரை. நீலம் அதற்கு மங்கல். ஆகவே நீலம் மட்டும் எரியும்போது மணலும் பாறையும் கண்ணுக்கு இருளில் அமிழ்கின்றன. பச்சைப் புரதம் திருப்பித் தரும் ஒளியோ 510 நானோமீட்டருக்குப் பக்கத்தில், கண்ணுக்கு நெருக்கமான இடத்தில், விழுகிறது. தணல் போன்ற காட்சி இந்த ஏற்றத்தாழ்விலிருந்து பிறப்பது. இதே வெளிச்சத்தில் நிறப்புரதம் நிறைந்த ஊதா அக்ரோபோரா என்ற கிளைப் பவளம் மங்கிக் கருத்துக் கிடக்கும். அது விழுங்கிக் காட்ட வேண்டிய மஞ்சளும் ஆரஞ்சும் அங்கே இல்லை. அதன் அழகைப் பார்க்க வெள்ளை எல்இடியையும் ஏற்ற வேண்டும். ஒரே தொட்டியில் இரண்டு வகைப் பவளமும் இருந்தால் ஏதாவது ஒன்று எப்போதும் குறைபட்டுத்தான் தெரியும்.

கண்ணின் இந்தக் குறைபாடு பவளத்தைக் கொல்லவும் செய்கிறது. லக்ஸ் மீட்டர் மனிதக் கண்ணைப் பின்பற்றி அளப்பது. நீலத்தைக் குறைத்தே காட்டும். ‘மங்கலாகத்தானே இருக்கிறது’ என்று விளக்கைக் கூட்டினால், பாசிக்குப் போதுமான அளவைத் தாண்டி ஒளி கொட்டி, சில நாளில் பவளம் வெளுத்துவிடும். அளக்க வேண்டியது ஒளிச்சேர்க்கைக்கு உதவும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்களின் எண்ணிக்கை. பார் மீட்டர் என்று வளர்ப்போர் சொல்லும் கருவி அதற்கானது. மென்பவளங்களுக்கு அதில் 50 முதல் 150 வரை, அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்களுக்கு 200 முதல் 350 வரை என்பது வளர்ப்போர் நடைமுறை. புது விளக்கைக் குறைந்த அளவில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றுவதும் இதனால்தான்.

இரண்டாம் கேள்வியில்தான் மேடை அலங்காரம் என்ற வாதம் உடைகிறது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மான் குழுவினர் தொட்டிகளில் வளர்த்த பவளங்களைக் கொண்டு 2008-இல் வெளியிட்ட ஆய்வு, பவளம் தன் புரத நிறமிகளைக் கூட்டுவதற்கு நீல ஒளியே தூண்டுகோல் என்று காட்டியது. தெளிந்த கடல்நீரில் சிவப்பு சில மீட்டருக்குள் கரைந்துவிட, நீலம்தான் ஆழம்வரை போகிறது. ஆகவே தலைக்கு மேல் எவ்வளவு வெயில் என்பதை நீலத்தைக் கொண்டே பவளம் அறிகிறது என்று கொள்ளலாம். நிறமி அதற்குக் குடை. மிகை ஒளியிலிருந்து பாசியைக் காக்கவே இந்த ஒளிர்வு என்ற விளக்கத்தை ஆன்யா சாலிஹ் குழுவினர் 2000-இல் முன்வைத்தார்கள். நிறப்புரதம் விழுங்கும் ஆரஞ்சு ஒளியால் பாசிக்கு நேரும் சேதம் குறைகிறது என்பதை வீடன்மான் குழு 2013-இல் காட்டியது.

ஒளி பட்டால் நிறமி கூடும் என்பதைக் காண ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஊதா அக்ரோபோரா ஒன்றைக் குனிந்து பார்த்தால் போதும்: ஒளி விழும் மேற்புறம் ஊதா, நிழல் விழும் அடிப்புறம் பழுப்பு. எல்இடி சிறு புள்ளியிலிருந்து பாயும் வெளிச்சம் என்பதால் நிழல் கூர்மையாக விழுகிறது. பழைய டி5 குழல்விளக்கு நான்கு புறமும் பரவியது. எல்இடிக்கு மாறிய பலர் பக்கத்தில் இரண்டு டி5 குழல்களையும் விட்டுவைப்பதைப் பழைமைப் பற்று என்று சிரிக்க வேண்டியதில்லை. நிறம் ஒளி பட்ட இடத்தில் மட்டுமே விளைகிறது.

சிவப்பு தனிக்கதை. டிஸ்கோசோமா என்ற பவள உறவினத்தின் சிவப்புப் புரதம் நன்றாகக் கிளர்வது 558 நானோமீட்டரில், அதாவது பச்சையும் மஞ்சளும் கலக்கும் இடத்தில். நீலம் மட்டும் உள்ள விளக்கு அதைச் சரியாக எழுப்பாது. இன்னொரு வகைச் சிவப்பு பிறக்கும்போது பச்சை. 2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டிராக்கிஃபில்லியா பவளத்தின் பச்சைப் புரதத்தை மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போக, மறுநாள் அது சிவந்திருந்தது. பெட்டிக்குள் இருந்தவை பச்சையாகவே இருந்தன. ஜப்பானில் இலையுதிர்காலத்தில் சிவக்கும் மேப்பிள் மரத்தின் பெயரால் அதைக் ‘கயேடே’ என்று அழைத்தார்கள். இந்த மாற்றத்தைச் செய்வது புறஊதாவும் ஊதாவும். விளக்கில் ஊதா எல்இடிகளைச் சேர்ப்பதை விற்பனைத் தந்திரம் என்று ஒதுக்குவோர் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

இதுவரை சொன்னதை வைத்து, நிறம் கூடினால் பவளம் நலம் என்று முடிவுகட்டினால் தவறு. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தால் பாசி பெருகி நிறத்தைப் பழுப்பு மூடிவிடும் என்பதால், தண்ணீரைச் சத்தே இல்லாமல் வடிகட்டும் பழக்கம் தொட்டி உலகில் பரவியது. பவளங்கள் வெளிர்ந்து இளம் வண்ணங்களில் பளபளத்தன. பலரும் அதை வெற்றி என்றார்கள். 2020-இல் சவுத்தாம்ப்டன் குழு ‘வண்ண வெளுப்பு’ என்ற நிகழ்வுக்குக் கண்ட விளக்கம் இந்த வெற்றியைச் சந்தேகிக்க வைக்கிறது. வெப்பத்தாலோ சத்துக் குறைவாலோ பாசி குறைந்தால், வெள்ளைக் கூட்டில் பட்டுச் சிதறும் ஒளி சதைக்குள் பெருகுகிறது. அதில் நீலமும் பெருகுவதால் நிறமி தாறுமாறாகக் கூடுகிறது. பளபளப்பு அங்கே அவசரக் குடை. நைட்ரேட் இருக்கப் பாஸ்பேட் மட்டும் வறண்டால் பவளம் எளிதில் வெளுக்கிறது என்பதும் அதே குழுவின் 2013 முடிவு. பாஸ்பேட்டைச் சுழியத்துக்குக் கொண்டுபோய்ப் பெருமைப்படுவது, பட்டினிப் பிள்ளையின் கன்னச் சிவப்பை மெச்சுவது போன்றது.

விளக்கால் ஆகாததும் ஒன்று உண்டு. அக்ரோபோரா மில்லெபோரா என்ற ஒரே இனத்தில் சில சிவப்பாக ஒளிரும், பக்கத்திலேயே வளரும் சில ஒளிராது. சிவப்புப் புரத மரபணு அதில் பல படிகளாக இருக்கிறது என்றும், எத்தனை படிகள் வேலை செய்கின்றன என்பதே நிறத்தின் அளவைத் தீர்மானிக்கிறது என்றும் 2015-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். படி குறைந்த துண்டை எந்த எல்இடியின் கீழ் வைத்தாலும் அது சிவக்காது. துண்டு வாங்குபவர் கடையில் கேட்க வேண்டியது இரண்டு பார்வை: நீலத்தில் ஒரு முறை, வெள்ளையில் ஒரு முறை. கூடவே, அது எங்கிருந்து வந்தது என்ற தாள். இந்தியாவில் 2001 முதல் பாறைப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாத் தீவுகளிலிருந்து உடைத்தெடுத்த துண்டு எந்த நிறத்தில் ஒளிர்ந்தாலும் அதை வைத்திருப்பது குற்றம்.