முதற் சொடுக்கின் உரிமை

திரையிலுள்ள ஒரே பொருளின்மீது ஒற்றைச் சொடுக்குக்கு ஒரு காரியத்தையும் இரட்டைச் சொடுக்குக்கு வேறொரு காரியத்தையும் விதிக்க நேருங்கால், முதற் சொடுக்கு வந்தவுடன் யாதொன்றும் செய்யாது டைமர் ஒன்றை ஓடவிட்டு, கெடு கழிந்தும் இரண்டாவது வாராவிடில் மட்டுமே ஒற்றைச் சொடுக்கின் காரியத்தை நடத்தவேண்டும் என்பது, மேசைக்கணினி நிரலாக்கம் பற்றி எழுதியோரில் ஒரு சாராரின் நெடுநாளைய சித்தாந்தம். அதற்கு அவர்கள் காட்டும் பிரதான ஆதாரம், விண்டோஸ் நிரலுக்கு அனுப்பும் செய்திகளின் வரிசை. அவ்வாதாரமே அவர்கள் கொள்கைக்கு விரோதமாக நிற்கிறது என்பது என் துணிபு.

வரிசை இது: பொத்தான் அழுந்தியது, விடுபட்டது, இரட்டைச் சொடுக்கு நிகழ்ந்தது, மறுபடியும் விடுபட்டது. முதற் சொடுக்கை அமைப்பு அவசரப்பட்டு அனுப்பிவிட்டதாகவும், அக்குறையை நிரலாளரே காத்திருந்து நிவர்த்திக்கவேண்டும் என்றும் முன்னையோர் இதனை வாசித்தனர். ஆனால் மூன்றாவது செய்தி தனியாகப் பிறந்ததன்று. இரண்டாவது அழுத்தமே அப்பெயர் பூண்டு வருகிறது. இரட்டைச் சொடுக்கு வேண்டுமென்று தன் வகுப்பிலேயே கேட்டுக்கொள்ளாத சாளரத்துக்கு அதே அழுத்தம் சாதாரண அழுத்தமாகவே போய்ச் சேர்கிறது. இவ்விரு நிலையிலும் முதல் அழுத்தத்தில் மாற்றம் ஏதுமில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். இயல்பாக 500 மில்லிவிநாடியென வைக்கப்பட்ட கெடுவையும், சுட்டி எவ்வளவு விலகலாம் என்னும் எல்லையையும் அறிந்திருந்த அமைப்பு, விரும்பியிருப்பின் முதலாவதைத் தானே தடுத்து வைத்திருக்கலாம். அது இரண்டாவது வந்தபின் பின்னோக்கிப் பார்த்தே தீர்ப்புச் சொல்கிறது. ஜாவா சொடுக்கெண்ணிக்கையை ஒன்றென்று அறிவித்துவிட்டுப் பின்னர் இரண்டென்கிறது. க்யூட்டியும் முதல் அழுத்தத்தை மறைப்பதில்லை. வெவ்வேறு கர்த்தாக்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்க, அதனை அவசரம் என்பது பொருந்துமா? மக்கின்டோஷ் இடைமுக நெறிகளோ, இரட்டைச் சொடுக்கின் பயன் ஒற்றையினதன் விரிவாகவே அமையவேண்டும் என்று வெளிப்படையாகவே விதித்தன.

எக்ஸ்புளோரரில், ஏற்கெனவே தேர்ந்த கோப்பின் பெயர்மீது மீண்டும் சொடுக்கினால் சற்றுப் பொறுத்தே பெயர்மாற்றப் பெட்டி திறப்பதை எதிர்வாதமாகச் சொல்லலாம். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. எனினும் தேர்வு என்னும் முதற்காரியம் அங்கும் உடனே நடந்துவிட்டது. காத்திருப்பது, கோப்பைத் திறத்தலோடு முரண்படும் பெயர்மாற்றம் ஒன்றே. ஒற்றைச் சொடுக்கு மீளமுடியாத காரியத்தைச் செய்துவிடுமே என்ற ஆட்சேபம் நெடிய விடைக்கு உரியதன்று: அத்தகைய காரியத்தை அதற்கு ஒதுக்கியதே பிழை.

தென்காசி வட்டாரத்தில் இது வெறும் ஏட்டு விவகாரம் அன்று. மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ நிறுவனத்தின் மென்பொருட்பணி நடந்துவருகிறது. அவ்வட்டாரத்துக் குத்துக்கல்வலசை போன்ற ஊர்களிலோ முதுமையில் முதன்முறையாகச் சுட்டியைத் தொடுவோர் இருக்கின்றனர். விரல் விரைந்து படியாத அவர்களுக்காகவே விண்டோஸ் அமைப்புப் பலகையில் கெடுவை 900 மில்லிவிநாடி வரை நீட்டிக்கொள்ள இடமிருக்கிறது. டைமர் சித்தாந்தத்தைப் பின்பற்றிய நிரலில் அச்சலுகையே தண்டனையாகி, யாருக்காகக் கெடு நீண்டதோ அவரே ஒவ்வொரு ஒற்றைச் சொடுக்குக்கும் ஏறத்தாழ ஒரு விநாடி விடையின்றி நிற்கிறார்; திரை அசையாமையால் ஐயுற்று மறுபடி அழுத்துகிறார்; கெடுவுக்குள் விழுந்த அந்த அழுத்தம், அவர் கேளாத இரட்டைச் சொடுக்காகக் கணிக்கப்படுகிறது.