தாவும் மரபணுக்கள் – 14: எட்டுக்கால் கடத்தல்காரன்

காட்டு ஆண் ஈயை ஆய்வகப் பெண் ஈயோடு சேர்த்தால் பிள்ளைகள் மலடு. மாற்றிச் சேர்த்தால் ஒரு குறையும் இல்லை. 1977இல் மார்கரெட் கிட்வெல் குழு எழுதிய அந்த விந்தையையும், அதைச் செய்த பி-கூறு என்ற தாவும் மரபணுவையும் போன வாரம் பார்த்தோம். அந்தப் போக்கிரியைப் பழ ஈ எப்படி அடக்கியது என்பதை இந்த வாரம் சொல்வதாக ஏற்பாடு. அதற்குள் ஓர் உண்ணி குறுக்கே வந்துவிட்டது.

பழ ஈ மரபியலின் முன்னோடி மார்கன் காலத்துக் குப்பிகளில் வளர்ந்துவந்த மெலனோகாஸ்டர் என்ற பழ ஈ வம்சங்களில் பி-கூறு கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வெளியே பிடித்த ஈக்களிலோ உலகெங்கும் அதே பி-கூறு. யார் கொடுத்தது? 1990இல் ஆள் அகப்பட்டது: அமெரிக்க வெப்பமண்டலத்து வில்லிஸ்டோனி ஈ. அதன் பி-கூறின் 2,907 எழுத்துகளில் ஒன்றே ஒன்றுதான் மெலனோகாஸ்டரிடம் மாறியிருந்தது. இரண்டு இனங்களும் பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. கலந்து பிள்ளை பெறவும் வழியில்லை.

இங்கேதான் நம் நாயகன் வருகிறான். 1991இல் மேரிலின் ஹூக்கும் கிட்வெல்லும் கைகாட்டிய புரோக்டோலேலாப்ஸ் ரெகாலிஸ், ஈக் குப்பிகளில் குடியேறும் ஒரு நுண்ணிய உண்ணி. முட்டையில் வாயைக் குத்துவான், கொஞ்சம் உறிஞ்சுவான், முழுதாகக் குடித்து முடிக்காமல் பக்கத்து முட்டைக்குப் போவான். ஒரே ஊசியால் ஊருக்கெல்லாம் குத்துகிற போலி வைத்தியர் போல. பி-கூறுள்ள ஈக்களோடு வளர்ந்த உண்ணிகளைச் சோதித்தால் அவற்றிலும் பி-கூறு டிஎன்ஏ இருந்தது.

ஆனால் காரியம் லேசானதல்ல. இரண்டு இனமும் ஒரே அழுகல் பழத்தில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் முட்டையிட வேண்டும். குத்துப்பட்ட முட்டை பிழைக்க வேண்டும். வந்த டிஎன்ஏ முட்டையின் பின்முனையில், நாளைக்கு இனச்செல்லாகப் போகும் செல்லுக்குள் நுழைய வேண்டும். இத்தனையும் ஒருமுறை கூடிவந்தால் போதும். மிச்சத்தைத் தாவும் மரபணு தானே பார்த்துக்கொள்ளும். உண்ணி கையும் களவுமாகப் பிடிபடவில்லை என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். பிடிபடவில்லைதான். ஆனாலும் என் ஓட்டு அவனுக்கே. இவ்வளவு பொருத்தமான சந்தேக நபர் வேறு யார்?

பல பத்தாண்டுகள் தப்பித்திருந்த, மெலனோகாஸ்டரின் நெருங்கிய உறவான சிமுலன்ஸ் ஈயும் கடைசியில் மாட்டிக்கொண்டது. ஃபுளோரிடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பிடித்த சிமுலன்ஸில் பி-கூறு புகுந்திருப்பதை 2015இல் அறிவித்தார்கள். இந்தத் தடவை கொடுத்தவர் மெலனோகாஸ்டர். இது உண்ணியின் வேலையா, இரண்டு இனமும் அபூர்வமாகக் கலந்ததன் விளைவா என்ற வழக்கு இன்னும் நடக்கிறது.

பி-கூறை அடக்கிய சிற்றார்என்ஏ படை, பக்கம் தீர்ந்துவிட்டதால், அடுத்த வாரம்.

(தொடரும்)