கடல் தாண்டி வந்த மாதக் காசு

‘கோழி மேய்ச்சாலும் கோர்ணமேந்தில மேய்க்க வேணும்’ என்று யாழ்ப்பாணத்தில் ஒரு சொல் உண்டு. பொதுவாக இதைக் கேலியாகத்தான் சொல்வார்கள். உத்தியோக மோகம், அடிமைப் புத்தி என்றெல்லாம் விளக்கமும் தருவார்கள். எனக்கு அந்தச் சொல்லில் பிடித்தது வேறு. எந்தக் கோர்ணமேந்து என்று அது சொல்வதில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் எங்கள் ஊர்களில் பல வீடுகளுக்கு அது கொழும்பில் இருந்த கோர்ணமேந்து அல்ல. கடலுக்கு அந்தப் பக்கம், கோலாலம்பூரில் இருந்தது.

மலாயாவின் முதல் ரயில் 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. அந்தப் பாதை போட இலங்கையிலிருந்து பயோனியர் படைப் பிரிவுகளைக் கொண்டுபோனார்கள். 1896-இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் ஒன்றாக்கப்பட்டு மலாய்க் கூட்டு மாநிலங்கள் ஆயின. புது நிர்வாகத்துக்குக் கிளாக்கர், ஸ்டேஷன் மாஸ்டர், அப்போதிக்கரி, நில அளவையாளர் எல்லாரும் தேவைப்பட்டார்கள். ஆங்கிலம் எழுதத் தெரிந்த, வெள்ளைக்காரனை விடக் குறைந்த சம்பளத்துக்கு வரக்கூடிய ஆட்கள். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடங்கள் அப்போதே பல தசாப்தங்களாக அப்படிப்பட்டவர்களை உருவாக்கிக்கொண்டிருந்தன, அவர்களுக்குத் தர ஊரில் வேலைதான் இல்லை. இதற்கு மேல் இந்தக் கதையை நீட்ட வேண்டியதில்லை. போனார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தார்கள், கந்தசாமி கோவில் கட்டினார்கள், மாதாமாதம் மணியோடர் அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்துப் பொருளாதாரத்தையே ‘மணியோடர் பொருளாதாரம்’ என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் எழுதும் அளவுக்கு அனுப்பினார்கள்.

நான் எழுத நினைப்பது போனவர்களைப் பற்றி அல்ல. திரும்பி வந்தவர்களைப் பற்றி.

ஐம்பத்தைந்து வயதில் ஓய்வுபெற்று ஊருக்கு வந்தவருக்கு ஒரு பட்டம் இருந்தது: மலாயன் பென்சனியர். பெயருக்கு முன்னால் போடாவிட்டாலும் கல்யாணப் பேச்சில், கோவில் கூட்டத்தில், சாவு அறிவித்தலில் அது கட்டாயம் வரும். என் அம்மம்மாவின் தகப்பன், எனக்குப் பூட்டன், அப்படி ஒருவர். 1914-இல் பத்தொன்பது வயதில் போய், செந்தூல் ரயில்வே பட்டறை அலுவலகத்தில் பேரேடு எழுதி, 1950-இல் மானிப்பாய்க்குத் திரும்பியவர். அம்மம்மாவின் வார்த்தையில், ‘அப்பு ஊருக்கு வந்தது ஆளா வரேல்லை, மாசம் ஒருக்கா வாற கடிதமா வந்தவர்.’

அந்தக் கடிதத்தை இன்றைய கண்ணால் பார்த்தால் கொஞ்சம் ஆச்சரியமான ஏற்பாடு. ஒரு நாடு, தன் மண்ணில் இல்லாத, இனித் தனக்கு ஒரு வேலையும் செய்யப்போகாத ஒரு கிழவருக்கு, சாகும்வரை மாதம்தோறும் காசு அனுப்புகிறது. இதை யாழ்ப்பாணத்தானுக்காக யாரும் யோசித்துச் செய்யவில்லை. காலனி நிர்வாகமே அப்படித்தான் அமைந்தது. வெள்ளைக்கார அதிகாரி மலாயாவில் வேலை பார்ப்பான், இங்கிலாந்தில் போய்ச் சாவான். பென்சன் கடல் தாண்டவேண்டும் என்பது அவனுக்காகப் போட்ட விதி. எங்கள் ஆட்கள் அந்தக் கதவு மூடுவதற்குள் உள்ளே நுழைந்துகொண்டார்கள்.

ஆனால் அந்த விதிப் புத்தகங்களில் ஒரு வரி உண்டு. எந்த உத்தியோகத்தருக்கும் பென்சன் மீது முழுமையான உரிமை கிடையாது. காலனிகளின் பென்சன் சட்டங்களில் இந்தக் கருத்துத் திரும்பத் திரும்ப வரும். நீ முப்பது வருடம் உழைத்திருக்கலாம், கொடுப்பது அரசின் தயவு என்பது அதன் பொருள். இந்தத் தயவுக் கோட்பாட்டை இந்திய உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில் தெளிவாக மறுத்து, பென்சன் கருணைப் பிச்சை அல்ல என்று சொன்னது 1982 டிசம்பர் 17-இல். இந்தியப் பென்சன்காரர்கள் அந்த நாளை இன்றும் கொண்டாடுகிறார்கள். பூட்டன் செத்து அப்போது பதினொரு வருடம்.

கணக்குக்கு வருவோம். மலேசிய அரசுப் பென்சன் கணக்கு இன்றும் ஒரு பழைய வாய்ப்பாட்டில்தான் தொடங்குகிறது: கடைசிச் சம்பளத்தை 600-ஆல் வகுத்து, வேலை செய்த மாதங்களால் பெருக்கு. இருபத்தைந்து வருடம் என்றால் 300 மாதம், பாதிச் சம்பளம். இது டாலரில் வருகிற கணக்கு. வீட்டில் அரிசி வாங்குவது ரூபாயில். நடுவில் இருந்தது நாணய மாற்று. பென்சனியரின் வாழ்க்கையை அவர் சேவையைவிட அதிகமாகத் தீர்மானித்தது இந்த நடுத்துண்டுதான்.

1906-இல் ஸ்ட்ரெயிட்ஸ் டாலரை இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸுக்குக் கட்டிவைத்தார்கள். இந்திய ரூபாயும் அதோடு ஒட்டியிருந்த இலங்கை ரூபாயும் அப்போது ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ். ஆக ஒரு டாலருக்கு ஒன்றே முக்கால் ரூபாய். பேச்சுக்கு 60 டாலர் பென்சன் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 105 ரூபாய். முதல் உலகப் போரைத் தொடர்ந்து ரூபாய் மேலும் கீழும் ஆடி, 1927-இல் ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று சட்டமானது. அதே 60 டாலர் இப்போது 93 ரூபாய் 33 சதம். பம்பாய் மில் முதலாளிகள் இந்த விகிதத்தை எதிர்த்துப் பெரும் சண்டை போட்டார்கள், அது இந்தியப் பொருளாதார வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கிறது. மாதம் பன்னிரண்டு ரூபாய் இழந்த மானிப்பாய்க் கிழவர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

1949-இல் ஸ்டெர்லிங் விழுந்தபோது இரண்டு நாணயமும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்தே விழுந்தன. விகிதம் அசையவில்லை. 1967-தான் சுவாரசியமான வருடம். அந்த ஜூனில் மலேசியா தன் சொந்த டாலரை வெளியிட்டிருந்தது. நவம்பர் 18 அன்று பிரிட்டன் பவுண்டைக் குறைத்தது. இலங்கை பிரிட்டனையும் மிஞ்சி 20 சதவீதம் குறைத்தது. மலேசியாவின் புது டாலர் அசையவில்லை, ஆனால் பெட்டியில் கிடந்த பழைய டாலர் நோட்டுகள் பவுண்டோடு சேர்ந்து மதிப்பிழந்தன. பினாங்கில் கடையடைப்பு, கலவரம், உயிர்ச்சேதம். தலையணைக்குள் பழைய நோட்டு வைத்திருந்த ஏழை அங்கே அடிவாங்கிய அதே வாரம், மானிப்பாயில் 60 டாலர் பென்சனின் ரூபாய் மதிப்பு 93-லிருந்து 116 ரூபாய் 67 சதத்துக்கு ஏறியது. ‘நாடு நட்டப்பட்டா அப்புவுக்கு லாபம்’ என்பாள் அம்மம்மா. கடைச் சாமான் விலையும் ஏறியிருக்கும், லாபத்தில் எவ்வளவு மிஞ்சியது என்பது வேறு கதை. ஆனாலும் சொந்த நாணயம் விழும்போது சம்பளம் கூடுகிற ஒரு வர்க்கம் எங்கள் ஊரில் அப்போதே இருந்தது என்பதைக் குறித்துவைக்க வேண்டும்.

காசு வருவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: உயிரோடு இருக்கவேண்டும். அதைவிட முக்கியம், உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். இன்ன பெயருடைய இன்னார் இன்ன திகதியில் என் முன்னால் தோன்றினார் என்று சமாதான நீதவான் கையெழுத்திட்ட தாள் வங்கிக்குப் போகவேண்டும். வங்கி அதை அந்தப் பக்கம் அனுப்பும். தாள் தாமதித்தால் காசு நிற்கும். கடலுக்கு அப்பால் இருக்கும் கிளாக்கருக்கு, தாள் வராத மனிதன் செத்தவன்தான். முப்பத்தாறு வருடம் அதே மாதிரிக் கிளாக்கராக இருந்த பூட்டனுக்கு இது நன்றாகவே விளங்கும்.

1969-இல் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலது கை போனது. பேரேடு எழுதிய கை. அச்சடித்த மாதிரி எழுத்து என்று ஊரில் பெயர். வங்கியில் இருக்கும் மாதிரிக் கையெழுத்தும் அதுதான். இடது கையால் போட்ட கையெழுத்தை வங்கி ஏற்கவில்லை. இரண்டு மாதம் காசு நின்றது. கடைசியில் நீதவான் ஐயா வீட்டுக்கே வந்து, பெருவிரல் அடையாளம் வைக்கலாம், நான் சாட்சி போடுகிறேன் என்றார். பூட்டன் மறுத்துவிட்டார். கைநாட்டு வைக்கிறவர்களுக்குச் சம்பளப் பட்டியல் எழுதியவர் அவர். கூலி வரிசையில் ஒவ்வொரு பெருவிரலாகப் பிடித்து மைப்பெட்டியில் அமுக்கி எடுத்தவர். அம்மம்மா சொன்னது: ‘ஒரு கிழமை சாப்பிடேல்லை. பிறகு நான்தான் விரலைப் பிடிச்சு அமத்தினனான். அப்பு மற்றப் பக்கம் பாத்துக்கொண்டிருந்தவர்.’ மறுமாதம் காசு வந்தது. அந்தக் காசில்தான் சின்னம்மாவின் பள்ளிக்கூடக் காசும், மாட்டுக்குப் பிண்ணாக்கும்.

1971-இல் அவர் போனபின் பூட்டிக்கு வேறொரு சிறிய தொகை வந்தது. விதவைகள், அநாதைகள் நிதி என்று உத்தியோக காலம் முழுக்கச் சம்பளத்தில் வெட்டிய காசு. இதற்கும் வருடாவருடம் தாள் உண்டு. பூட்டி இரண்டு விஷயம் உறுதிப்படுத்த வேண்டும்: உயிரோடு இருக்கிறேன், மறுமணம் செய்யவில்லை. எழுபது வயதுக் கிழவி நீதவான் முன்னால் நின்று மறுமணம் செய்யவில்லை என்று சொல்லவேண்டும். முதல் வருடம் அழுதாளாம். நாலாவது வருடம், ‘நல்ல மாப்பிள்ளை அம்பிடேல்லை எண்டு எழுதுங்கோ தம்பி’ என்றாளாம்.

இதற்கிடையில் லண்டன் 1973-இல் ஒரு சட்டம் போட்டது. காலனிகளில் வேலை பார்த்துத் திரும்பிய தன் அதிகாரிகளின் பென்சனைப் புதிய நாடுகளிடம் விடாமல் தானே பொறுப்பேற்பதற்கு. எங்கள் கிளாக்கர்மார் அந்தக் கணக்கில் இல்லை. மலேசியா ஒழுங்காகக் கொடுத்தபடியால் எங்கள் வீட்டில் யாருக்கும் அது உறைக்கவில்லை. எனக்கு உறைக்கிறது. ஒரே அலுவலகம், ஒரே பேரேடு, இரண்டு வகையான கிழவர்கள்.

மலாயன் பென்சனியர் பரம்பரை முடிந்துவிட்டது. யாழ்ப்பாண பஜாரில் மலாயன் கபே என்ற பெயர்ப்பலகை இருக்கிறது, உள்ளே வாழையிலைச் சாப்பாடு. ஆனால் கடல் தாண்டிப் பென்சன் வருவது நிற்கவில்லை. எண்பத்து மூன்றுக்குப் பிறகு ஓடியவர்களுக்கு இப்போது அறுபத்தைந்து ஆகிறது. அவர்களில் சிலர் ஊரில் வந்து இருக்கிறார்கள். வேப்பமரம், கிணறு, முழங்கால் வலிக்கு ஒத்துவருகிற வெயில். யாருக்கு எந்தக் கோர்ணமேந்து என்பதைப் பொறுத்து அவர்கள் முதுமை மாறுகிறது.

லண்டனிலிருந்து வந்தவருக்கு அரச பென்சன் வரும், ஆனால் உறைந்துபோய் வரும். வெளிநாட்டில் குடியேறிய நாளில் என்ன தொகையோ அதுதான் சாகும்வரை. அமெரிக்காவில் குடியேறிய பிரிட்டிஷ்காரருக்கு ஆண்டுதோறும் கூடும். நயாகரா பாலத்தைத் தாண்டிக் கனடாவில் இருந்தால் கூடாது. இலங்கை, இந்தியா, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா எல்லாம் கூடாத பட்டியல். அனெட் கார்சன் என்ற பெண் 1989-இல் தென்னாபிரிக்கா போனவர். 2000-இல் அவருக்கு வாரம் 67 பவுண்ட் 50 பென்ஸ் அடிப்படைப் பென்சன் தொடங்கி அதிலேயே உறைந்தது. வழக்குப் போட்டார். 2005-இல் பிரபுக்கள் சபையில் தோற்றார். 2010 மார்ச் 16-இல் ஸ்ட்ராஸ்பேர்க் மனித உரிமை நீதிமன்றத்திலும் பதினொன்றுக்கு ஆறு என்று தோற்றார். உள்நாட்டில் இருப்பவரும் வெளிநாட்டில் இருப்பவரும் ஒப்பிடத்தக்க நிலையில் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். அந்த அம்மா இங்கிலாந்தில் கட்டிய காப்புறுதிப் பணம் மட்டும் மற்றவர்களுடையதோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது போலும்.

கனடா வேறு மாதிரி. பதினெட்டு வயதுக்குப் பிறகு அங்கே இருபது வருடம் இருந்திருந்தால் முதியோர் பென்சன் எந்த நாட்டுக்கும் வரும், விலைவாசிக்கேற்பக் கூடியும் வரும். ஆனால் வருமானம் குறைந்தவர்களுக்கான கூடுதல் தொகை, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் நிற்கும். 2022-இல் இரண்டு மாதத்துக்குள் ஒரு அமெரிக்க டாலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஓடியபோது, மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற ஊர்ச் சனத்துக்கு நடுவில் இவர்களுடைய காசு மட்டும் வீங்கியது. 1967 மறுபடியும், இன்னும் பெரிதாக.

எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு மாமா இருக்கிறார். ஸ்கார்பரோவில் முப்பது வருடம் தொழிற்சாலை வேலை. கூடுதல் தொகை இல்லாமல் மகனுடைய கையை எதிர்பார்க்க வேண்டிவரும் என்பதால் ஒவ்வொரு மார்கழியும் வந்து, ஆனி பிறக்கும் முன் திரும்பிவிடுவார். சமையலறைச் சுவரில் முருகன் கலண்டர், வந்த நாளிலிருந்து பேனையால் வெட்டிக்கொண்டே வருகிறார். போன தடவை மாமிக்கு இங்கேயே கண் ஒப்பரேஷன், டாக்டர் இன்னும் ஒரு மாதம் பிளேன் ஏறக்கூடாது என்றுவிட்டார். மாமா மாமியைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போனார்.